புகையில்லாத தூமகேது

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஊர் வம்பு பேசுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பழமொழி கிடையாது. தர்க்க சாஸ்திரம் படித்தவர்களும் இதையேதான் கொஞ்சம் கௌரவமாகச் சொல்வார்கள்: மலைமேல் புகை தெரிகிறது, ஆகையால் அங்கே நெருப்பு இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால், "புகை தெரியவில்லைதான், இருந்தாலும் நெருப்பு இருக்கத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சாதித்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இது என்னப்பா நியாயம்?" என்று கேட்கமாட்டீர்களா?

நானும் அதைத்தான் கேட்கிறேன். கேட்பது அண்டை வீட்டாரைப் பற்றி அல்ல. ஆகாயத்தில் போன ஒரு வழிப்போக்கனைப் பற்றி.

வால் நட்சத்திரத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் தூமகேது. தூமம் என்றால் புகை, கேது என்றால் கொடி. புகையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு வருவது என்று அர்த்தம். அதைக் கண்டால் ராஜாவுக்கு ஆகாது, ராஜ்யத்துக்கு ஆகாது என்று பயந்தார்கள். அது வேறு கதை. ஆனால் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். கண்ணுக்குப் புகை தெரிந்தது, புகைக்கொடி என்றார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது அல்லவா?

2017-ம் வருஷம் அக்டோபர் 19-ம் தேதி, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், பான்-ஸ்டார்ஸ் என்ற டெலஸ்கோப் எடுத்த படங்களில் ராபர்ட் வெரிக் என்ற விஞ்ஞானி ஒரு புள்ளியைக் கண்டார். அது போன வேகத்தையும் வளைந்த வளைவையும் கணக்குப் போட்டபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அது நம் சூரிய குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. வேறு எந்த நட்சத்திரத்தின் வீட்டிலிருந்தோ புறப்பட்டு, நம் வாசல் வழியாக வந்து, செப்டம்பர் மாதமே சூரியனைச் சுற்றித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நாம் பார்த்தது முதுகைத்தான். வாசல் வழியாக வந்துபோன விருந்தாளியைக் கொல்லைப்புறம் போன பிறகு கவனித்த கதை.

முதலில் அதற்கு 'ஸி' என்ற எழுத்துப் போட்டுப் பதிவு செய்தார்கள். 'ஸி' என்றால் காமெட், அதாவது வால் நட்சத்திரம். பெரிய டெலஸ்கோப்புகளில் பார்த்தால் வாலும் இல்லை, தலையைச் சுற்றிப் புகைமூட்டமும் இல்லை. உடனே 'ஸி'யை அடித்துவிட்டு 'ஏ' என்று போட்டார்கள். ஆஸ்ட்ராய்ட், வெறும் பாறை. நவம்பர் 6-ம் தேதி அதையும் அடித்துவிட்டு 'ஐ' என்று புதிதாக ஒரு ஜாதியையே உண்டாக்கினார்கள். நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வந்தது என்று அதற்குப் பொருள். இரண்டு வாரத்துக்குள் மூன்று எழுத்து! ஹவாய் மக்களின் பாஷையில் 'ஓமுவாமுவா' என்று பெயர் சூட்டினார்கள். தூரதேசத்திலிருந்து முதலில் வந்த தூதன் என்பது போன்ற அர்த்தம். பெயர் மட்டும் வாய்க்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

எழுத்தை மாற்றியதை நான் குறை சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிப் புதிய ஏடு திறந்தார்களே, அது மரியாதையான காரியம். என் சந்தேகம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

2018-ம் வருஷம் ஜூன் மாதம் மார்கோ மிக்கேலி என்ற இத்தாலிய வான சாஸ்திரியும் அவர் கூட்டாளிகளும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். சூரியனின் இழுப்பு ஒன்றுதான் என்றால் ஓமுவாமுவா எந்தப் பாதையில் போகவேண்டுமோ, அந்தப் பாதையில் அது போகவில்லை. சூரியனைவிட்டு விலகும் திசையில் ஏதோ ஒன்று அதை இலேசாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சூரியன் இழுக்கும் இழுப்பில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான்; ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத தள்ளல். தள்ளல் இருந்தால் வாயு வெளிப்பட்டிருக்க வேண்டும். வாயு வெளிப்பட்டால் அது வால் நட்சத்திரம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும், பாறை என்று நினைத்தது உண்மையில் வால் நட்சத்திரமே என்ற பொருளில் செய்தி வெளியிட்டது.

இங்கேதான் நான் பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். புகை எங்கே ஐயா?

அவர்கள் தரப்பையும் சொல்லிவிடவேண்டும். 1950-ம் வருஷம் ப்ரெட் விப்பிள் என்ற அமெரிக்கர், வால் நட்சத்திரம் என்பது தூசியும் அழுக்கும் கலந்த பனிக்கட்டி உருண்டை என்று விளக்கினார். வெயில் பட்டதும் பனி ஆவியாகிப் பீறிட்டு வெளியே வரும். பிரஷர் குக்கரில் நீராவி பீறிட்டுக்கொண்டு 'வெயிட்'டையே தூக்கி ஆட வைக்கிறதே, அந்த மாதிரி. பீறிடும் வேகத்தில் உருண்டை எதிர்ப்பக்கம் தள்ளப்படும். வால் நட்சத்திரங்கள் கணக்கை மீறி முன்னே பின்னே வருவதற்கு அதுதான் காரணம். ஆகவே தள்ளலைக் கண்டதும் ஆவியை நினைத்ததில் தப்பில்லை. அனுபவப்பட்ட சமையற்காரி சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடுகிறாள் அல்லவா?

ஆனால் குக்கரில் ஆவியைக் கண்ணால் பார்க்கிறோம். ஓமுவாமுவாவைச் சுற்றித் தூசி உண்டா என்று, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஸ்பிட்ஸர் என்ற விண்வெளி டெலஸ்கோப் உஷ்ணத்தைத் தேடிப் பார்த்தது. அதற்கும் ஒன்றும் தென்படவில்லை. போதாததற்கு, ஓமுவாமுவாவின் வெளிச்சம் சுமார் 8 மணிக்கு ஒரு தரம் பத்து மடங்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது நீண்ட கட்டையோ, தட்டையான அப்பளமோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இந்த இடைவெளியில்தான் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் அவி லோப் நுழைந்தார். புகையில்லை, ஆனால் தள்ளல் இருக்கிறது. அப்படியானால் தள்ளியது சூரிய வெளிச்சமாக ஏன் இருக்கக்கூடாது? ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பாய்மரத் துணி போன்ற ஒன்றாக இருந்தால் வெளிச்சமே அதைத் தள்ளிவிடும். அவ்வளவு மெல்லியதை இயற்கை செய்யுமா, அல்லது யாராவது செய்தார்களா? 2018-ல் ஷ்முவேல் பியாலி என்பவருடன் சேர்ந்து இதை எழுதினார். அவருடைய சக விஞ்ஞானிகளில் பலருக்கு இது பிடிக்கவில்லை. 2017 டிசம்பரிலேயே அமெரிக்காவின் கிரீன் பாங்க் ரேடியோ டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு முனகல்கூட வரவில்லை.

பாய்மரம் என்பதை நான் நம்பவில்லை. அதற்காக மற்றவர்கள் சொன்னதெல்லாம் திருப்தியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் இருவர், அது உறைந்த ஹைட்ரஜன் கட்டி என்றார்கள். 2021-ல் வேறு இருவர், நைட்ரஜன் பனி, புளூட்டோ மாதிரி ஒரு கோளிலிருந்து பெயர்ந்த துண்டு என்றார்கள். நாலு வைத்தியர்கள் வந்து நாலு வியாதியின் பெயரைச் சொன்னால், நோயாளியின் மனைவிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? 2023-ல் ஜென்னிபர் பெர்க்னர் என்ற ரசாயன நிபுணரும் டாரில் ஸெலிக்மனும் சொன்னதுதான் எனக்குக் கொஞ்சம் மனத்துக்கு ஒப்பியது. பனிக்கட்டிமேல் யுக யுகமாகக் காஸ்மிக் கதிர்கள் பட்டுப் பட்டு, உள்ளே ஹைட்ரஜன் வாயு சிறு சிறு குமிழாகச் சிறைப்பட்டிருக்கும்; வெயில் பட்டதும் அது மட்டும் சத்தமில்லாமல் நழுவி வெளியே போகும்; தூசியைக் கிளப்பாது, என்கிறார்கள்.

புடவை பீரோவில் நாம் போட்டு வைக்கிறோமே பாச்சை உருண்டை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் கழித்துத் திறந்தால் உருண்டை பாதியாக இளைத்திருக்கும். ஈரமும் இல்லை, புகையும் இல்லை. போனது எங்கே என்று கண்ணால் காட்ட முடியாது; மூக்குக்குத்தான் தெரியும். வாயு உண்டு, புகை இல்லை என்பது அசம்பாவிதம் அல்ல, நம் பீரோவுக்குள்ளேயே நடக்கிற சங்கதி. அதோடு நம் சூரிய குடும்பத்திலேயே, வாலில்லாமல் தள்ளல் மட்டும் உள்ள உருண்டைகள் 2024 முடிவதற்குள் 14 அகப்பட்டுவிட்டன. 'இருண்ட வால் நட்சத்திரங்கள்' என்று அவற்றுக்குப் பெயர்.

இருக்கட்டும். இருந்தாலும் பாச்சை உருண்டைக்கு வாசனை உண்டு. ஓமுவாமுவாவின் வாசனையை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. ஆகவே அதை வால் நட்சத்திரம் என்று சொல்வது ஓர் ஊகம். நல்ல ஊகம், ஒருவேளை சரியான ஊகம். ஆனாலும் ஊகம்தான். பாடப்புத்தகத்தில் போடும்போது அந்த வார்த்தையையும் சேர்த்துப் போட்டுவிட்டால் எனக்குச் சண்டையில்லை.

வானத்தில் உள்ளதற்குப் பெயர் வைப்பதில் தடுமாற்றம் புதிதல்ல. 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் ஒன்றைக் கண்டுபிடித்து வால் நட்சத்திரம் என்று தெரிவித்தார். பாதையைக் கணக்குப் போட்ட பிறகு அது யுரேனஸ் கிரகமாக முடிந்தது! 2007-ல் பூமியின் அருகே வந்த ஒரு 'குறுங்கோளு'க்கு எண் கொடுத்தார்கள். அது ஐரோப்பியர் அனுப்பிய ரோஸெட்டா விண்கலம். 2025 ஜனவரி 2-ம் தேதி இன்னொன்றுக்கு எண் கொடுத்து, ஒரு நாள் முடிவதற்குள் ரத்து செய்தார்கள். அது 2018-ல் ராக்கெட்டில் வைத்து அனுப்பிய டெஸ்லா மோட்டார் கார்! இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் 2020-ல் நடந்ததைச் சிரித்துவிட்டுத் தள்ள முடியாது. அதே மாவி தீவு டெலஸ்கோப் செப்டம்பரில் ஒரு பொருளைக் கண்டது. குறுங்கோள் என்று எண்ணும் போட்டாயிற்று. பிறகு பார்த்தால், சூரிய வெளிச்சமே அதைத் தள்ளுகிறது. பாறை அவ்வளவு எளிதில் நகராது. உள்ளே காலியாக இருக்கிற தகர டப்பாதான் நகரும். அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற இன்னொரு பழைய ராக்கெட்டோடு ஒப்பிட்டார்கள். டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது: 1966-ல் ஸர்வேயர்-2 என்ற கலத்தைச் சந்திரனுக்கு அனுப்பிய ராக்கெட்டின் மேல் பகுதி அது! செய்த பொருள் ஒன்று வந்தால் இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும், கண்டுபிடித்தால் மறைக்காமல் சொல்லவும் செய்வார்கள் என்று அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. பார்ப்பதற்கு அவகாசம் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். ஓமுவாமுவா அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை.

இரண்டாவது விருந்தாளி 2019 ஆகஸ்ட் 30-ம் தேதி அகப்பட்டது. கென்னாடி போரிஸோவ் என்பவர் கிரிமியாவில் தாமே செய்த 65 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் பார்த்தார். அதற்கு வால், தலை, வாயு எல்லாம் இருந்தன. யாரும் தகராறு செய்யவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சிலி தேசத்தில் உள்ள அட்லஸ் டெலஸ்கோப் 2025 ஜூலை 1-ம் தேதி அதைக் கண்டது. மறுநாளே வால் நட்சத்திரம் என்று பதிவாகிவிட்டது. என் மைத்துனர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி ஆறுவதற்குள் நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் சமாசாரம் அனுப்பிவிடுவார். அவர் சொன்னார்: "அண்ணி, ஒரே நாளில் எப்படித் தெரியும்? எல்லாம் மூடி மறைக்கிறார்கள். நீங்கள் வேண்டுமானால் பாருங்கள், அது யாரோ அனுப்பிய கப்பல்."

அவருடைய சந்தேகங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரே நாளில் சொன்னது அவசரம் போலத்தான் தோன்றும். ஆனால் ஆரம்பத்திலேயே அதைச் சுற்றி மெல்லிய மூட்டம் தென்பட்டது, அது நாளுக்கு நாள் பெருகியது. நிக்கல் அதிகம், இரும்பு மிகக் குறைவு, ஆகையால் தொழிற்சாலை உலோகம் என்றார் மைத்துனர். நம் எவர்சில்வர் பாத்திரத்தில்கூட நிக்கல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நம் சொந்த வால் நட்சத்திரங்களின் மூட்டத்திலும் போரிஸோவிலும் நிக்கல் ஆவி இருப்பதை 2021-லேயே கண்டுவிட்டார்கள். கிரகங்கள் சுற்றுகிற தளத்தை ஒட்டி, வெறும் 5 டிகிரி சாய்வில் வந்ததே, அது தற்செயலா? அவி லோப் இதுபோல் பல பொருத்தங்களை எண்ணிக் காட்டியிருக்கிறார். கல்யாணம் ஆன பிறகு உட்கார்ந்து பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்தும் பொருந்தத்தான் செய்யும், தம்பி, என்றேன்.

"ரேடியோ சமிக்ஞை வந்ததாமே?" என்றார். தென்னாப்பிரிக்காவின் மீர்க்காட் டெலஸ்கோப் 2025 அக்டோபர் 24-ம் தேதி பிடித்ததை அப்படித் திரித்துவிட்டார்கள். தண்ணீர் ஆவி வெயிலில் உடைந்தால் ஹைட்ராக்ஸில் என்ற துணுக்கு உண்டாகும். அது குறிப்பிட்ட ரேடியோ அலைகளை விழுங்கும். அவர்கள் கண்டது அந்த விழுங்கலை. அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. அங்கே தண்ணீர் இருக்கிறது என்றுதான் தெரிந்தது.

ஒன்றில் மட்டும் மைத்துனர் பக்கம் நியாயம் இருந்தது. அந்தப் பொருள் அக்டோபர் ஆரம்பத்தில் செவ்வாய்க் கிரகத்தின் அருகே சென்றபோது நாஸாவின் கலம் எடுத்த படம் நவம்பர் 19-ம் தேதிதான் வெளிவந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க சர்க்கார் காரியாலயங்கள் பண ஒதுக்கீடு இல்லாமல் மூடிக்கிடந்தன, அதனால் தாமதம். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். தபால்காரர் ஏழு வாரம் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தால், பிரித்துப் பார்த்திருப்பாரோ என்று நினைக்கமாட்டோமா? ஆனால் ஐரோப்பியர்களின் செவ்வாய்க் கலம் எடுத்த படம் அக்டோபர் 7-ம் தேதியே வந்துவிட்டது. சீனர்களின் தியான்வென்-1 எடுத்த படமும் நாஸாவுக்கு முன்னால் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே மங்கல் மூட்டம். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவார்கள் என்று நம்ப வேண்டுமானால், கப்பலை நம்புவது சுலபம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் ஆகஸ்டில் பார்த்தபோது நீராவியைப் போலச் சுமார் 8 மடங்கு கரியமில வாயு அதிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி! நம் வீட்டு வால் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. இது வேறு ஊர்ச் சமையல். விசித்திரம் என்று சொல்லுங்கள், சம்மதிக்கிறேன். புகை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டிசம்பர் 19-ம் தேதி பூமிக்கு மிக அருகில் வந்தபோதுகூட அது சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போயிற்று.

இவ்வளவையும் நான் வரிந்து கட்டிக்கொண்டு தேடிப் படித்ததற்குக் காரணம் வான சாஸ்திரம் அல்ல. நவம்பரில் ஒரு நாள் என் ஓரகத்தி சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது. நாஸாவே பொய் சொல்கிறபோது டாக்டர் மட்டும் நிஜம் சொல்வாரா என்கிறார்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆகாயத்தில் ஆரம்பித்த சந்தேகம் மாத்திரை டப்பாவுக்குள் வந்து இறங்கியிருந்தது.

டாக்டரை நம்பு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆசாமியும் அல்ல. "தம்பி, யாரையும் நம்பவேண்டாம். வீட்டிலே கருவி இருக்கிறது. காலையும் மாலையும் நீங்களே அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு வாரம்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஆராய்ச்சி அல்லவா! நாலாம் நாளே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார். மாத்திரை ஆரம்பமாகிவிட்டது. கப்பல் விஷயத்தில் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் விருந்தாளியைப் பற்றி என்ன செய்வது என்பதுதான் பாக்கி. அது திரும்பி வராது. எந்த டெலஸ்கோப்புக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அடுத்த தடவை முதுகை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது என்று இரண்டு ஏற்பாடுகள் நடக்கின்றன. சிலியில் வேரா ரூபின் என்ற அம்மையாரின் பெயரால் ஒரு பெரிய டெலஸ்கோப்பை நிறுவி, 2025 ஜூனில் அதன் முதல் படங்களை வெளியிட்டார்கள். வருகிறவர்களை வாசலிலேயே கண்டுகொள்ள அது உதவும். ஐரோப்பியர்கள் 'காமெட் இன்டர்செப்டர்' என்ற விண்கலத்தை 2029 வாக்கில் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். எங்கே போகவேண்டும் என்று தெரியாமலே அது புறப்படும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஓர் இடத்தில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி, காத்துக்கொண்டே இருக்கும். தகுந்த வால் நட்சத்திரம் ஒன்று வந்தால், அல்லது அதிர்ஷ்டவசமாக ஓமுவாமுவாவின் உறவுக்காரன் யாராவது எட்டுகிற தூரத்தில் வந்தால், எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கும்.